லினக்ஸ் நிறுவுமுன் முடிவுத் தேதியைப் பாருங்கள்: பொதிகளும் நீண்டகால ஆதரவும்

தாராவி 90 அடி சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், இரும்பு ஏணி ஏறிப் போக வேண்டிய மாடியறையில் எங்கள் மாலைநேரப் படிப்பு மையம் நடக்கிறது. அங்குள்ள ஆறு கணினிகளின் பொறுப்பு என்னுடையது. ஐந்தை லாமிங்டன் ரோட்டில் பழைய சரக்காக வாங்கினோம். ஆறாவது ஒருவர் நன்கொடையாகக் கொடுத்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்தபின், விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழைய கணினிகளை வைத்திருக்கும் சயான், மாட்டுங்கா, செம்பூர் நண்பர்கள் பலர் லினக்ஸ் போட்டுவிடலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாகப் போடலாம். ஆனால் எந்த லினக்ஸ் அழகாக இருக்கிறது என்பதற்கு முன்னால், அதற்குள் வரும் மென்பொருள்களுக்கு யார், எந்தத் தேதி வரை பாதுகாப்புத் திருத்தம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமல் ஒருமுறை நான் பட்டதும் சேர்த்தே இந்த வழிகாட்டியில் வருகிறது.

கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் தந்திருக்கிறேன். முனையம் எனப்படும் கட்டளைச் சாளரத்தில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சிட வேண்டும். கணினியின் அமைப்பை மாற்றும் கட்டளைகளுக்கு முன்னால் சூடோ என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும்.

முதல் படி: வெளியீட்டையும் அதன் ஆயுளையும் தேர்ந்தெடுத்தல்

டெபியன், உபுண்டு, ஃபெடோரா போன்றவற்றை வழங்கல்கள் என்கிறோம். கெர்னல் என்ற மையக் கரு, வரைகலைத் திரை, உலாவி, அலுவலகச் செயலி என்று எங்கெங்கோ எழுதப்படும் ஆயிரக்கணக்கான மென்பொருள்களைத் திரட்டி, ஒன்றோடொன்று ஒத்துப்போகும்படி கட்டி, ஒரே இடத்திலிருந்து தருவதுதான் வழங்கலின் வேலை. 2025 ஆகஸ்ட் 9 அன்று வெளியான டெபியன் 13-இல் பொதிகள் எனப்படும், நிறுவத் தயாராகக் கட்டிய மென்பொருள் மூட்டைகள் ஏறக்குறைய 70,000 இருக்கின்றன. ஒரு வெளியீடு வந்தபின் அதிலுள்ள பொதிகளின் பதிப்பெண்கள் பெரும்பாலும் அப்படியே நிற்கும்; பாதுகாப்புக் குறைகளும் கடுமையான பிழைகளும் மட்டும் திருத்தப்படும். அந்தத் திருத்தம் எத்தனை ஆண்டுக்கு வரும் என்பதுதான் அந்த வெளியீட்டின் ஆயுள்.

உபுண்டுவின் வெளியீட்டெண் உண்மையில் ஒரு தேதி: 24.04 என்றால் 2024 ஏப்ரல். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, இரட்டைப்படை ஆண்டின் ஏப்ரலில் வருவது எல்டிஎஸ் எனப்படும் நீண்டகால ஆதரவு வெளியீடு. அதற்கு 5 ஆண்டு ஆதரவு. இடையில் வரும் மற்றவற்றுக்கு வெறும் 9 மாதம்தான். இந்த வேறுபாட்டை அறியாமல், 2023 இறுதியில் அப்போதைக்குப் புதியதாக இருந்த 23.10-ஐ எங்கள் ஐந்து கணினிகளிலும் நிறுவினேன். 2024 ஜூலையில் அதன் ஆயுள் முடிந்தது. திரையில் தோன்றிய அறிவிப்பைப் பிள்ளைகள் மூடி மூடி விட்டிருக்கிறார்கள். பிறகு ஒருநாள் ஒரு தமிழ் எழுத்துருவை நிறுவப் போனால், ஒவ்வொரு வரியிலும் 404 என்ற பிழை வந்தது. காலாவதியான வெளியீடுகளின் பொதிகளை உபுண்டு வேறொரு பழைய சேமிப்பிடத்துக்கு நகர்த்திவிடும் என்பது அன்றுதான் தெரிந்தது. ஐந்தையும் அழித்து மறுபடி நிறுவ இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

எல்டிஎஸ் என்ற முத்திரைக்குள்ளும் பார்க்க வேண்டியவை உண்டு. நினைவகம் குறைந்த கணினிகளுக்கு லுபுண்டு, சுபுண்டு போன்ற இலகுவான வகைகளைப் பரிந்துரைப்பார்கள். நல்ல பரிந்துரைதான், ஆனால் அவற்றின் எல்டிஎஸ் ஆதரவு 3 ஆண்டு. உபுண்டு 24.04-க்கு 2029 வரை ஆதரவு இருக்க, லுபுண்டு 24.04-க்கு 2027 ஏப்ரலோடு முடிகிறது. அடித்தளப் பொதிகளுக்கு அதன்பின்னும் திருத்தம் வரும். அந்த வகைக்கே உரிய திரைச் சூழலைக் கவனிக்க ஆள் இருக்காது.

அடுத்தது களஞ்சியப் பிரிவு. வழங்கல் தன் பொதிகளைச் சேர்த்துவைத்திருக்கும் இணையக் கிடங்குதான் களஞ்சியம். உபுண்டுவின் 5 ஆண்டு வாக்கு முதன்மையாக மெயின் என்ற பிரிவுக்கானது. அதைக் கனானிக்கல் நிறுவனம் பராமரிக்கிறது. எண்ணிக்கையில் மிகப் பெரிய யூனிவர்ஸ் பிரிவைத் தன்னார்வலர்கள் கவனிக்கிறார்கள். உபுண்டு ப்ரோ என்ற சந்தாவில் சேர்ந்தால் யூனிவர்ஸ் பொதிகளுக்கும் கனானிக்கலே பாதுகாப்புத் திருத்தம் தரும். மொத்த ஆயுளும் 10 ஆண்டாகும். தனிப்பட்ட பயன்பாட்டில் 5 கணினி வரை கட்டணமில்லை. எங்களிடம் இருப்பது ஆறு! உங்கள் கணினியில் எத்தனை பொதிகள் எந்தப் பிரிவைச் சேர்ந்தவை என்பதை ப்ரோ செக்யூரிட்டி-ஸ்டேட்டஸ் என்ற கட்டளை எண்ணிக் காட்டும். சந்தா இல்லாமலும் அதை இயக்கிப் பார்க்கலாம்.

டெபியனில் கணக்கு வேறு. ஒரு நிலையான வெளியீட்டுக்கு ஏறத்தாழ 3 ஆண்டு முழு ஆதரவு. அதன்பின் தனிக் குழு ஒன்று 2 ஆண்டு நீண்டகால ஆதரவு தருகிறது. 2014-இல் தொடங்கிய இந்த ஏற்பாட்டுக்குச் சில நிறுவனங்கள் பணம் தருகின்றன. எல்லா வன்பொருள் வகைகளும் எல்லாப் பொதிகளும் அதற்குள் வரா. டெபியன் 12-க்கு 2028 ஜூன் வரையும், டெபியன் 13-க்கு 2030 ஜூன் வரையும் இப்படி ஆதரவு உண்டு. ஃபெடோராவின் ஒவ்வொரு வெளியீடும் ஏறக்குறைய 13 மாதம் வாழும். ஆர்ச் லினக்ஸில் வெளியீடு என்பதே கிடையாது. பொதிகள் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டும் தரமானவை, பலர் பகிர்ந்து பயன்படுத்தும் பொதுக் கணினிக்கு நான் இரண்டையும் போடமாட்டேன்.

தேதியோடு அதைச் சொன்னவர் யார் என்பதும் முக்கியம். சென்டாஸ் என்ற வழங்கலின் 8-ஆம் வெளியீட்டுக்கு 2029 வரை ஆதரவு என்று நம்பித்தான் பலர் அதைச் சேவையகங்களில் நிறுவினார்கள். 2021 டிசம்பர் 31-ஓடு அது முடியும் என்று 2020 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. ஒரு நிறுவனத்தின் முடிவு ஏழு ஆண்டுக்கும் மேல் சுருக்கியது. அந்த வெற்றிடத்தில்தான் ஆல்மாலினக்ஸும் ராக்கி லினக்ஸும் பிறந்தன. இதையெல்லாம் எடைபோட்டு, 1993-இலிருந்து தன்னார்வலர்களால் நடத்தப்படும் டெபியனை எங்கள் மையத்துக்குத் தேர்ந்தேன். வீட்டில் ஒற்றைக் கணினி வைத்திருப்பவருக்கு உபுண்டு எல்டிஎஸ்ஸும், அதன்மேல் கட்டப்படும் லினக்ஸ் மின்ட்டும் பழகுவதற்கு எளியவை.

இரண்டாம் படி: இறக்கிச் சரிபார்த்து நிறுவுதல்

இதற்கான விளக்கப்படங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் லினக்ஸ் பாடங்கள் தமிழிலேயே இருக்கின்றன. நான் சொல்ல வேண்டியவை இரண்டுதான். இறக்கிய கோப்பை எஸ்ஹெச்ஏ256சம் கட்டளையால் சரிபார்த்து, வழங்கலின் தளத்தில் கொடுத்திருக்கும் எண்ணோடு ஒப்பிட்ட பிறகே பென்டிரைவில் எழுதுங்கள். கைப்பேசி இணையத்தில் பெரிய கோப்பு பாதியில் அறுந்து ஒட்டுவது சாதாரணம். நிறுவி முடித்தவுடன், வழங்கலின் பெயரையும் ஆதரவு முடியும் மாதத்தையும் ஒரு சீட்டில் எழுதிக் கணினிப் பெட்டியின் மேல் ஒட்டிவிடுங்கள். சமையலறை எரிவாயுக் குழாயில் மாற்ற வேண்டிய ஆண்டு அச்சிட்டிருப்பதைப் போல, அது எல்லார் கண்ணிலும் பட வேண்டும்.

மூன்றாம் படி: மென்பொருளை எங்கிருந்து எடுப்பது

விண்டோஸிலிருந்து வருபவர்கள் முதலில் தடுமாறும் இடம் இது. ஒரு மென்பொருள் வேண்டுமென்றால் தேடுபொறியில் தேடி, கிடைத்த கோப்பை இறக்கி, இருமுறை சொடுக்குவது அவர்கள் பழக்கம். லினக்ஸில் அந்தப் பழக்கம்தான் நீண்டகால ஆதரவை உடைக்கிறது. ஏன் என்று புரிய, ஒரு பொதிக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

டெபியன், உபுண்டு ஆகியவற்றின் டெப் கோப்பு என்பது மூன்று உறுப்புகள் கொண்ட ஒரு மூட்டை. ஒன்று வடிவ எண். இரண்டாவதில் பொதியின் பெயர், பதிப்பு, பராமரிப்பவர், அதற்குத் தேவையான பிற பொதிகளின் பட்டியல் ஆகியவற்றோடு, நிறுவுமுன்னும் நிறுவியபின்னும் ஓடும் சிறு நிரல்கள் இருக்கும். மூன்றாவதில் உண்மையான கோப்புகள். அந்தச் சிறு நிரல்கள் ரூட் என்ற முழு அதிகாரத்தோடு ஓடுகின்றன என்பதை மறக்கக் கூடாது. முன்பின் தெரியாத தளத்திலிருந்து வரும் டெப் கோப்பை நிறுவினால், அந்த ஓரிரு விநாடிகளுக்குக் கணினி முழுவதையும் அதை எழுதியவர் கையில் கொடுத்துவிடுகிறீர்கள்.

வழங்கலின் களஞ்சியத்தில் இந்த அபாயத்துக்குத் தடுப்பு இருக்கிறது. களஞ்சியத்தின் பட்டியல் கோப்பில் வழங்கலின் மின்கையொப்பம் இருக்கும். அந்தப் பட்டியலில் ஒவ்வொரு பொதியின் சரிபார்ப்பு எண்ணுக்கும் சங்கிலித் தொடர்பு இருக்கும். வழியில் எவராவது ஒரு பைட்டை மாற்றினாலும், பொதிகளை இறக்கி நிறுவும் கருவியான ஆப்ட் அதை மறுத்துவிடும். ஆகவே களஞ்சியத்தின் நகலை வைத்திருக்கும் எந்த ஊர்க் கண்ணாடித் தளத்திலிருந்து இறக்கினாலும் கவலையில்லை.

ஒரு மென்பொருளைத் தேடும்போது நான் போகும் வரிசை இது. முதலில் ஆப்ட் அப்டேட் கட்டளையால் பட்டியலைப் புதுப்பித்துக்கொள்வேன். இது பட்டியலை மட்டும் கொண்டுவரும், எதையும் நிறுவாது. பிறகு ஆப்ட் சர்ச் மூலம் தேடி, ஆப்ட் இன்ஸ்டால் மூலம் நிறுவுவேன். பத்தில் ஒன்பது தேவை இங்கேயே முடிந்துவிடும். தமிழுக்கு வேண்டியவையும் இங்கேயே இருக்கின்றன: எழுத்துருக்களுக்கு ஃபான்ட்ஸ்-லோஹித்-தமில் என்ற பொதி, லிப்ரே ஆபிஸின் தமிழ் இடைமுகப் பொதி, தமிழ்99 விசைப்பலகைக்கு ஐபஸ்-எம்17என். எழுத்துருப் பொதியின் பெயரில் தமிழைக் குறிக்கும் ஆங்கிலச் சுருக்கம் டி, ஏ, எம், எல் என்ற நான்கெழுத்து என்பதைக் கவனிக்கவும். நாம் வழக்கமாக எழுதும் ஐந்தெழுத்தில் தேடினால் கிடைக்காது.

இன்னும் புதிய பதிப்பு கட்டாயம் தேவையென்றால் டெபியனின் பேக்போர்ட்ஸ் பகுதியைப் பார்ப்பேன். அடுத்த வெளியீட்டுக்காகத் தயாராகும் சில பொதிகளை இன்றைய வெளியீட்டுக்கேற்ப மறுபடி கட்டி அங்கே வைக்கிறார்கள். நீங்கள் பெயர் சொல்லிக் கேட்டாலொழிய அவை தாமாக உள்ளே வருவதில்லை. அங்கும் இல்லையென்றால் ஃபிளாட்பேக் என்ற தனிப் பொதிமுறை. அது தனக்கு வேண்டிய அடித்தளத்தைத் தானே சுமந்து வருவதால் அமைப்பின் பொதிகளைத் தொடாது. வட்டில் மிகுந்த இடம் பிடிக்கும். அந்த அடித்தளத்துக்கும் ஒரு முடிவுத் தேதி உண்டு. வெளியாரின் களஞ்சியத்தை அமைப்பிலேயே சேர்ப்பதைக் கடைசி வழியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து வரும் பொதி, வழங்கலின் பொதிகளையே மாற்றி உட்கார்ந்துவிடக்கூடும். அதன்பின் திருத்தம் தர வேண்டியவர் வழங்கலா அந்த வெளியாரா என்பது யாருக்கும் தெளிவாக இராது.

பைத்தான் படிக்கும் மாணவர்களுக்குத் தனியாக ஒரு சொல். டெபியன் 12 முதலும், உபுண்டு 24.04 எல்டிஎஸ்ஸிலும், பைத்தான் தொகுப்புகளை நிறுவும் கருவியான பிப் மூலம் நேரடியாக நிறுவ முயன்றால் இந்தச் சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது என்ற பிழை வரும். வழங்கலின் பைத்தான் பொதிகளை பிப் கலைத்துவிடாமலிருக்க வேண்டுமென்றே வைத்த தடுப்பு அது. தடுப்பை உடைக்கும் தெரிவு ஒன்று அந்தச் செய்தியிலேயே எழுதியிருக்கும், அதைத் தொடாதீர்கள். பைத்தான்3-வென்வ் பொதியை நிறுவி, பாடத்துக்கென்று தனிச் சூழல் ஒன்றை உருவாக்கி, அதற்குள் பிப்பை இயக்குங்கள்.

நான்காம் படி: பதிப்பெண்ணைப் படிக்கக் கற்றல்

நிலையான வெளியீட்டைப் பார்த்துப் புதியவர்கள் பதறுவது இதில்தான்: "இந்த மென்பொருளுக்கு எப்போதோ புதிய பதிப்பு வந்துவிட்டதே, என் கணினியில் மட்டும் பழையது இருக்கிறதே!"

2014 ஏப்ரல் 7 அன்று வெளியான ஹார்ட்பிளீட் குறையை எடுத்துக்கொள்வோம். இணையத் தொடர்பை மறையாக்கம் செய்யும் ஓபன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருளின் 1.0.1 முதல் 1.0.1எஃப் வரை பாதிக்கப்பட்டிருந்தது; திருத்தம் 1.0.1ஜி பதிப்பில் வந்தது. அப்போதைய டெபியன் 7-இல் இருந்ததோ 1.0.1ஈ. டெபியன் 1.0.1ஜிக்குத் தாவவில்லை, குறையை நீக்கும் சில வரிகளை மட்டும் எடுத்துத் தன் பழைய பதிப்பில் பொருத்தி, 1.0.1ஈ-2+டெப்7யு5 என்ற எண்ணோடு வெளியிட்டது. இதைப் பின்பொருத்தல் என்கிறோம். எண்ணைப் பகுத்தால் எல்லாம் தெரியும்: முதலில் மூல ஆசிரியரின் பதிப்பு, கோட்டுக்குப் பின்னுள்ள 2 டெபியன் கட்டிய எண், டெப்7 என்பது வெளியீடு, யு5 என்பது அந்த வெளியீட்டில் வந்த ஐந்தாவது திருத்தம். எழுத்தை மட்டும் பார்த்து ஈ என்பதால் ஆபத்து என்று முடிவு கட்டியிருந்தால் தவறாகியிருக்கும். இன்றும் பதிப்பெண்ணை மட்டும் ஒப்பிட்டு அபாயப் பட்டியல் தரும் சோதனைக் கருவிகள் இந்தத் தவற்றைச் செய்கின்றன. ஐயம் இருந்தால் ஆப்ட் சேஞ்ச்லாக் என்று தட்டி, பொதியின் பெயரைக் கொடுங்கள். எந்தக் குறை எந்தத் திருத்தத்தில் நீங்கியது என்பது சிவிஇ எனப்படும் குறை அடையாள எண்ணோடு எழுதியிருக்கும்.

பழையதாக இருப்பதே சில நேரம் காப்பாற்றியும் இருக்கிறது. 2024 மார்ச் 29 அன்று, எஸ்எஸ்ஹெச் என்ற தொலைக்கணினி உள்நுழைவு அரை விநாடி தாமதமாவதைத் துருவிப் பார்த்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், எக்ஸ்இசட் என்ற சுருக்கு நிரலின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் எவரோ வைத்திருந்த கள்ளக் கதவைக் கண்டுபிடித்தார். டெபியனின் சோதனைக் கிளைகளுக்குள் அது வந்துவிட்டிருந்தது. நிலையான வெளியீட்டுக்குள் வரவில்லை. இதை வைத்துப் பழையதெல்லாம் பத்திரம் என்று சொல்லிவிட முடியாது. ஹார்ட்பிளீட் நிலையான வெளியீட்டுக்குள்தான் உட்கார்ந்திருந்தது.

பின்பொருத்தலுக்கு ஒரு விதிவிலக்கு உலாவிகள். அவற்றில் குறைகள் வரும் வேகத்துக்குப் பழைய பதிப்பில் ஒட்டுப்போட்டு மாளாது. ஆகவே டெபியன், ஃபயர்பாக்ஸின் இஎஸ்ஆர் என்ற நீண்ட ஆயுள் பதிப்பைத் தருகிறது. அது ஏறக்குறைய ஆண்டுக்கு ஒருமுறை முழுப் பதிப்பாகவே மாறும்.

ஐந்தாம் படி: திருத்தங்களைத் தானாக வரவைத்தல்

ஆப்ட் அப்கிரேட் கட்டளையைக் கையால் இயக்குவது நல்லதே. ஆறு கணினிக்கு வாரந்தோறும் அது நடக்காது என்பதை நான் அனுபவத்தில் ஒப்புக்கொண்டுவிட்டேன். அன்அட்டென்டெட்-அப்கிரேட்ஸ் என்ற பொதி பாதுகாப்புத் திருத்தங்களைத் தானே இறக்கி நிறுவும். உபுண்டுவில் அது முன்பே இயங்கும். டெபியனில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் நிறுவிக்கொள்ள வேண்டும். கெர்னல் திருத்தம் நடைமுறைக்கு வர மறுதொடக்கம் தேவை. தினமும் இரவு அணைக்கும் எங்களுக்கு அது சிக்கலே இல்லை. வேறொரு சிக்கல் இருந்தது.

இந்தத் தானியங்கி வேலை விடியற்காலையில் நடக்கும்படி அமைந்தது. அந்த நேரம் கணினி அணைந்திருந்தால், அடுத்து இயக்கியவுடன் தொடங்கிவிடும். எங்களுக்கோ மாலை ஆறு மணிக்குத்தான் இயக்கம். ஆறு கணினிகளும் ஒரே கைப்பேசியின் இணையத்தை ஒரே நேரத்தில் இழுக்க, ஒரு பையன் பொறுமையிழந்து மின்சுவிட்சையே அணைத்துவிட்டான். பாதியில் நின்ற பொதி நிறுவலால் அந்தக் கணினியில் அடுத்த நிறுவல் எதுவும் நடக்கவில்லை. டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ என்ற கட்டளை அதைச் சரிசெய்தது. உங்களுக்கும் ஒருநாள் அது தேவைப்படும்.

இணைய நெருக்கடிக்குத் தீர்வு ஆப்ட்-கேச்சர்-என்ஜி. அதை ஒரு கணினியில் நிறுவி, மற்ற ஐந்தின் ஆப்ட் அமைப்பிலும் அந்தக் கணினியின் முகவரியை 3142 என்ற வாயில் எண்ணோடு ஒரு வரியில் கொடுத்துவிட்டால், ஒருமுறை இறங்கிய பொதியை மற்றவை உள்வலையிலேயே பெற்றுக்கொள்ளும். களஞ்சிய முகவரிகள் மறையாக்கம் இல்லாத ஹெச்டிடிபியில் இருந்தால்தான் இது எளிதாக நடக்கும். பொதிகளைக் காப்பது மின்கையொப்பம் என்பதால் அதில் தவறில்லை.

ஆறாம் படி: அடுத்த வெளியீட்டுக்கு மாறுதல்

சீட்டில் எழுதிய மாதம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். உபுண்டு எல்டிஎஸ்ஸில் இருப்பவருக்கு, அடுத்த எல்டிஎஸ்ஸின் முதல் திருத்த வெளியீடு வந்தபிறகே மாறச் சொல்லி அறிவிப்பு வரும். அந்தத் தாமதம் நன்மைக்கே. டெபியனில் ஒரு வெளியீட்டைத் தாண்டி மாறக் கூடாது: 11-இலிருந்து 13-க்குப் போக வேண்டுமானால் 12 வழியாகத்தான் போக வேண்டும்.

2025 தீபாவளி விடுமுறையில் எங்கள் ஐந்தை 12-இலிருந்து 13-க்கு மாற்றினேன். முதலில் பிள்ளைகளின் கோப்புகளை வெளிவட்டில் நகலெடுத்தேன். சேர்த்திருந்த ஒரே வெளிக் களஞ்சியத்தையும் அதிலிருந்து வந்த பொதியையும் நீக்கினேன். வெளியீட்டுக் குறிப்பைப் படித்து, வட்டில் இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். பிறகு களஞ்சியக் கோப்பில் 12-இன் பெயரான புக்வோர்மை 13-இன் பெயரான ட்ரிக்ஸி என்று மாற்றி, ஆப்ட் அப்டேட், அதன்பின் புதுப் பொதிகளைச் சேர்க்காத சிறு மேம்படுத்தல், கடைசியாக ஆப்ட் ஃபுல்-அப்கிரேட். ஒரு கணினியில் மட்டும் செய்து ஒரு வாரம் பிள்ளைகளை உழைக்கவிட்டேன். வெளியீட்டுக் குறிப்பைப் படித்ததன் பயன் அப்போது தெரிந்தது: 13-இல் டெம்ப் என்ற தற்காலிக அடைவு வட்டிலிருந்து நினைவகத்துக்கு மாறியிருக்கிறது. 4 ஜிபி மட்டும் உள்ள கணினியில் பெரிய காணொளியை அங்கே வைத்தால் கணினியே திணறும்; அணைத்தால் அந்தக் கோப்பும் போய்விடும். இதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு மற்ற நான்கையும் மாற்றினேன்.

ஆறாவது கணினியை மாற்ற முடியவில்லை. எல்எஸ்சிபியூ கட்டளை அதை 32 பிட் என்ற பழைய வன்பொருள் வகை என்று காட்டியது. டெபியன் 13-இல் அதற்கான நிறுவியும் இல்லை, கெர்னலும் இல்லை. டெபியன் 12-ஓடு அதை நிறுத்தி, இணையக் கம்பியைக் கழற்றி, தமிழ்99 தட்டச்சுப் பழகுவதற்கென்று சன்னலோரம் வைத்திருக்கிறோம். அதன் பெட்டியில் ஒட்டிய சீட்டில் தேதிக்குப் பதிலாக, கம்பியைச் சொருக வேண்டாம் என்று எழுதியிருக்கிறது.